தகராறு வரும் முன்பே வாங்கிய கையெழுத்து: ஆர்பிட்ரேஷன் பிரிவும் நம் உரிமையும்

ஆந்திர மாநிலத்தின் பல மாவட்டங்களில் தேசிய விதைக் கழகத்திடம் விதை வாங்கிய விவசாயிகள், விதை தரமில்லாமல் மகசூல் போய்விட்டது என்று நுகர்வோர் மன்றங்களுக்குப் போனார்கள். நஷ்ட ஈடு தரச் சொல்லி உத்தரவு வந்தது. கழகம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அது வைத்த வாதங்களில் ஒன்று: ஒப்பந்தத்தில் 'தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன்' என்று எழுதியிருக்கிறது, அதில் விவசாயியின் கையெழுத்தும் இருக்கிறது, எனவே நுகர்வோர் மன்றத்துக்கு வர முடியாது. 2012 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இதை நிராகரித்தது. ஆர்பிட்ரேஷனுக்குப் போவதா, நுகர்வோர் மன்றத்துக்குப் போவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு என்றது.

நம் மாநிலத்து விவசாயிகள் வாங்கித் தந்த தீர்ப்பு இது. சித்தூர் மாவட்டம் வெதுருகுப்பம் மண்டலத்தில் தவணைக்கு டிராக்டர் எடுத்தவரும், ஆட்டோ ஓட்டுபவரும், ஸ்ரீசிட்டிக்கும் ரேணிகுண்டாவுக்கும் வேலைக்குப் போய் வரும் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் கையெழுத்துப் போட்ட காகிதங்களிலும் இதே பிரிவு இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆர்பிட்ரேஷன் எப்படி நடக்கிறது?

கோர்ட்டுக்குப் போகாமல், இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரு நடுவரிடம் வழக்கைச் சொல்லித் தீர்ப்புப் பெறும் முறை இது. 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம் இதற்கு அடிப்படை. சமரசப் பேச்சுவார்த்தையில் பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். ஆர்பிட்ரேஷனில் அப்படி முடியாது. நடுவர் கொடுக்கும் 'அவார்ட்' கோர்ட் தீர்ப்புக்குச் சமமாக நிறைவேற்றப்படும்.

இந்த முறையே கெட்டது என்று சொல்ல வரவில்லை. இரண்டு பெரிய கம்பெனிகள் வக்கீல்களை வைத்து, பேரம் பேசி, ஒருவருக்கொருவர் சளைக்காமல் ஒப்பந்தம் போடுகிறார்கள் என்றால் கோர்ட்டில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட இது மேல். அங்கே இரு தரப்புக்கும் சம பலம் உண்டு. வண்டிக் கடனுக்கு வந்தவருக்கோ வேலை கேட்டு வந்தவருக்கோ பேரம் பேச இடமே இல்லை. அச்சடித்த படிவத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டால்தான் கடன் வரும், வேலை வரும். தகராறு என்ற ஒன்று வருமா, வந்தால் எதைப் பற்றி வரும் என்று தெரியாத நாளில், கோர்ட்டுக்குப் போகும் உரிமையை அவர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஆபத்து எந்தெந்தப் படியில் வருகிறது?

முதல் படி, இடம். ஆர்பிட்ரேஷன் எங்கே நடக்கும் என்பதை ஒப்பந்தமே சொல்லிவிடும். அது பெரும்பாலும் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊர். நம் பக்கம் வண்டிக் கடன் கொடுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிகள் பலவற்றுக்கு அது சென்னை. ஒரு வாய்தாவுக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு போகும், அங்கே ஒரு வக்கீலும் வேண்டும்.

இரண்டாவது, மொழி. வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு என்று பழகிய குடும்பத்துக்கு வரும் நோட்டீஸ் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். எந்த மொழியில் விசாரணை என்பதையும் ஒப்பந்தத்திலேயே முடிவு செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

மூன்றாவது, வராமல் போனால் நேர்வது. ஒப்பந்தத்தில் கொடுத்த முகவரிக்கு அனுப்பினாலே நோட்டீஸ் சேர்ந்ததாகக் கருத முடியும். இப்போது இமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் கூட வருகிறது. கம்பெனி விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டால், ஆஜராகாதவர் இல்லாமலேயே விசாரித்து அவார்ட் கொடுக்க நடுவருக்கு 25-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது.

நான்காவது, இடைக்கால உத்தரவு. வழக்கு முடியும் முன்பே வண்டியைக் கையகப்படுத்தும்படி நடுவர் 17-ஆம் பிரிவின் கீழ் உத்தரவிடலாம். கம்பெனி 9-ஆம் பிரிவின் கீழ் கோர்ட்டிலும் அப்படி உத்தரவு வாங்கலாம். வண்டிதான் பிழைப்பு என்றால், தீர்ப்புக்கு முன்பே பிழைப்பு நின்றுவிடும்.

ஐந்தாவது, நிறைவேற்றம். சென்னையில் வாங்கிய அவார்ட் சென்னையோடு நிற்காது. சுந்தரம் ஃபைனான்ஸ் தொடுத்த ஒரு வழக்கில் 2018 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம், கடனாளியின் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த ஊர் கோர்ட்டிலேயே நேரடியாக நிறைவேற்றம் கேட்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆக, விசாரணைக்கு நாம் சென்னை போக வேண்டும். ஜப்திக்கு மட்டும் அது சித்தூர் வரை வரும்.

இன்னொன்றும் உண்டு. ஆர்பிட்ரேஷன் நடவடிக்கை ரகசியமாக வைக்கப்பட வேண்டியது என்று 2019 திருத்தம் சொல்கிறது. கோர்ட்டில் ஒருவர் ஜெயித்தால் ஊருக்கே தெரியும், அடுத்தவருக்கு அது வழிகாட்டும். நடுவர் முன் ஒருவர் ஜெயித்தாலும் பக்கத்துத் தெருவில் அதே கம்பெனியிடம் சிக்கியவருக்குத் தெரிய வழியில்லை.

நுகர்வோருக்கு உள்ள உரிமை

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, இந்தச் சட்டம் தரும் நிவாரணம் மற்ற சட்டங்களோடு கூடுதலாகக் கிடைப்பது என்கிறது. பழைய 1986 சட்டத்தின் 3-ஆம் பிரிவும் இதையே சொன்னது. விதைக் கழக வழக்கில் விவசாயிகள் ஜெயித்தது அந்த அடிப்படையில்தான். பிறகு 2015-ல் ஆர்பிட்ரேஷன் சட்டம் திருத்தப்பட்டதும், இனி நுகர்வோர் வழக்கும் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று எம்மார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமான நிறுவனம் வாதாடியது. 2018 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை.

யார் நுகர்வோர் என்பதில் நம் ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'டிராக்டர், ஆட்டோ எல்லாம் வியாபாரத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோர் இல்லை' என்று கம்பெனி சொல்லக்கூடும். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளைச் சட்டம் வியாபார நோக்கமாகக் கருதவில்லை. தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். நாலைந்து வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டுபவரின் நிலை வேறு.

வழக்கை எங்கே போடுவது? நாம் குடியிருக்கும் இடத்தில், அல்லது வேலை பார்க்கும் இடத்தில். வெதுருகுப்பத்துக்காரர் சித்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் இணையவழியாகவும் பதியலாம்.

புதிய சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற ஒன்றையும் கொண்டுவந்திருக்கிறது. அளவுக்கு மீறிய டெபாசிட், தவறுக்குப் பொருந்தாத அபராதம், முன்கூட்டியே கடனை அடைக்க மறுப்பது போன்ற, நுகர்வோரின் உரிமையைப் பெரிதாகப் பாதிக்கும் நிபந்தனைகளை அது குறிக்கிறது. அத்தகைய ஒப்பந்தத்தையே எதிர்ப்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நடுவர் அவார்ட் கொடுத்து முடித்த பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் தாமதமாகிவிடும். அப்படி வந்த புகாரை விசாரிக்க முடியாது என்று தேசிய ஆணையம் 2006-ல் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. உரிமை இருந்தும் நேரத்தோடு போகாதவருக்கு அது உதவாமல் போகும்.

தொழிலாளிக்கு உள்ள உரிமை

வேலைக்கான நியமன உத்தரவிலும் இப்போது ஆர்பிட்ரேஷன் பிரிவு வருகிறது. சம்பள பாக்கி கேட்டால் 'நடுவரிடம் போ' என்கிறார்கள். இதற்கு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 11 அன்று ஹூண்டாய் ஆட்டோஎவர் இந்தியா வழக்கில் தெளிவான பதில் தந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட உதவி மேலாளர் ஒருவர் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் கீழான அதிகாரியிடம் போயிருந்தார். கம்பெனி ஆர்பிட்ரேஷன் கேட்டது; சென்னை உயர் நீதிமன்றமும் நடுவரை நியமித்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டம் தனி அதிகாரி வைத்துத் தீர்க்கச் சொன்ன சம்பளத் தகராறு நடுவரிடம் போக முடியாது என்றது. கம்பெனியின் நடவடிக்கை சட்ட வழியைத் தவறாகப் பயன்படுத்துவது என்று சொல்லி, 5 லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. அதற்கு முன்பே, சம்பளம் வராத கிங்ஃபிஷர் விமானிகள் தொழிலாளர் நீதிமன்றம் போனபோது, அங்கே வரும் வழக்கைத் தனியார் நடுவரிடம் தள்ள முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்திருந்தது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டாலும் நீக்கினாலும் 2 வேலை நாட்களுக்குள் கணக்கு முடித்துச் சம்பளம் தர வேண்டும். தராவிட்டால் 3 ஆண்டுக்குள் அதற்கான அதிகாரியிடம் மனு போடலாம். பாக்கியோடு சேர்த்து அதைப் போல் 10 மடங்கு வரை நஷ்ட ஈடு விதிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. மேலாளர் பதவியில் இருப்பவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். வேலைநீக்கம் பற்றிய தகராறுக்குத் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் முதலில் போக வேண்டும். அதற்கு 2 ஆண்டு வரம்பு இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள்.

ஆப் மூலம் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள் நிலைமைதான் பலவீனமாக இருக்கிறது. அவர்கள் 'ஏற்கிறேன்' என்று தொடும் நிபந்தனைகளில் ஆர்பிட்ரேஷன் இருக்கும். ஆனால் அவர்கள் தொழிலாளிதானா என்பதே தீராத கேள்வி. கனடாவில் இதே நிலையில் இருந்த ஒரு ஓட்டுநர் ஊபரை எதிர்த்தார். நெதர்லாந்தில் ஆர்பிட்ரேஷன், தொடங்கவே ஏறத்தாழ 14,500 அமெரிக்க டாலர் கட்டணம் என்று அவருடைய ஒப்பந்தம் சொன்னது. அது அவருடைய ஓராண்டு வருமானத்தில் பெரும் பங்கு. 2020-ல் கனடா உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது.

நடுவரை யார் நியமிப்பது?

'கம்பெனி நியமிக்கும் ஒருவரே நடுவர்' என்று பல கடன் ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். வழக்குப் போடுபவரே நீதிபதியையும் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு இது. 2015 திருத்தம், ஒரு தரப்போடு வேலை, தொழில், பணத் தொடர்பு உள்ளவர் நடுவராக முடியாது என்று 12-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவில் தடை போட்டது. தீர்ப்பின் பலனில் அக்கறை உள்ள ஒரு தரப்பு தனி நடுவரை நியமிக்கவே முடியாது என்று 2019 நவம்பர் 26 அன்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 8 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, இரு தரப்பையும் சமமாக நடத்தும் கடமை நடுவரை நியமிக்கும் கட்டத்திலேயே தொடங்குகிறது என்று உறுதி செய்தது.

இதன் பலன் கீழே வரை வந்திருக்கிறது. கடன் கொடுத்தவர்கள் தாங்களே நியமித்த நடுவரிடம் வாங்கிய அவார்டுகளை நிறைவேற்ற 2023-ல் கொல்கத்தா, டெல்லி உயர் நீதிமன்றங்கள் மறுத்தன. இந்தப் பாதுகாப்பை நாம் விட்டுக்கொடுக்கவும் முடியும். ஆனால் தகராறு எழுந்த பிறகு, வெளிப்படையாக, எழுத்தில் கொடுத்தால்தான் அது செல்லும். அதனால் 'நடுவரிடம் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்ற எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நோட்டீஸ் வந்தால் செய்ய வேண்டியது

1. உறையோடு பத்திரப்படுத்துங்கள். வந்த தேதியைக் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் அழிக்காதீர்கள். ஷூரிட்டி போட்டவருக்கும் நோட்டீஸ் வரும், அவரிடமும் சொல்லுங்கள்.

2. ஒப்பந்த நகலை எழுத்தில் கேளுங்கள். நகல் தருவதும், கடனாளிக்குப் புரியும் மொழியில் நிபந்தனையைச் சொல்வதும் ஃபைனான்ஸ் கம்பெனியின் கடமை என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறை சொல்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் புதிய தனிநபர் கடன்களுக்கு, வட்டியையும் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்துக் காட்டும் முக்கிய விவரத் தாள் தர வேண்டும். அதுவும் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

3. மௌனமாக இருக்காதீர்கள். 15 நாட்களுக்குள் பதிவுத் தபாலில் பதில் போடுங்கள். 'நீங்கள் தன்னிச்சையாக நியமித்த நடுவரை நான் ஏற்கவில்லை. இந்த நியமனம் 12(5) பிரிவுக்கு விரோதமானது. எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஒப்பந்த நகலையும் கணக்கு விவரத்தையும் தமிழிலோ தெலுங்கிலோ தாருங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை' என்று எழுதினால் போதும். ஒரு நகலை நடுவருக்கும் அனுப்புங்கள்.

4. சட்ட உதவி கேளுங்கள். பெண்கள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடியினர், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி வக்கீல் இலவசம். சித்தூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம்; 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

5. கடன் பற்றிய குறை என்றால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும் திருப்தி இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். உதவி எண் 14448. அதே விஷயம் நடுவர் முன் போய்விட்டால் ஆம்புட்ஸ்மன் எடுக்க மாட்டார். ஆகவே நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காமல் முன்பே போவது நல்லது. மற்ற நுகர்வோர் புகாருக்கு 1915.

6. வண்டியை மிரட்டியோ அடித்தோ பிடுங்கினால் போலீசில் புகார் கொடுங்கள். குண்டர்களை வைத்து வண்டி எடுப்பதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது. வண்டியை விற்கும் முன் கடனைக் கட்டக் கடைசி வாய்ப்பு ஒன்றும் தர வேண்டும்.

7. அவார்ட் வந்துவிட்டால் நாட்களை எண்ணுங்கள். கையெழுத்திட்ட நகல் கைக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் 34-ஆம் பிரிவின் கீழ் கோர்ட்டில் எதிர்க்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது.

இதில் எதுவும் வாங்கிய கடனைத் தள்ளுபடி செய்யாது. கட்ட வேண்டிய டியூவைக் கட்டத்தான் வேண்டும். கணக்கு சரியா, அபராத வட்டி நியாயமா, வண்டியை எடுத்த விதம் முறையா என்று பாரபட்சமில்லாத ஒருவர் முன் கேட்கும் உரிமையைத்தான் இந்த வழிகள் காப்பாற்றித் தருகின்றன.

சட்டத்தில் மாற வேண்டியவை

மேலே சொன்ன பாதுகாப்பில் பெரும் பகுதி தீர்ப்புகளிலிருந்து வந்தது. தீர்ப்பைத் தேடிப் படிக்க வசதி உள்ளவருக்குத்தான் அது கைகொடுக்கும். ஒப்பந்தப் படிவங்களில் பழைய பிரிவு அப்படியே அச்சாகும்வரை, கையெழுத்துப் போட்டவர் தனக்கு வேறு வழியில்லை என்றே நம்புவார். அதனால் இது சட்டத்தின் எழுத்திலேயே வர வேண்டும். ஆர்பிட்ரேஷன் சட்டத்துக்கான திருத்த மசோதா வரைவை மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

முதல் கோரிக்கை, சம்மதம் எப்போது வாங்கப்படுகிறது என்பது பற்றியது. நம் தொழிலாளர் சட்டம் இதை 1956-லிருந்தே அறிந்திருக்கிறது. அந்த ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் சேர்ந்த 10ஏ பிரிவும், இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்பின் 42-ஆம் பிரிவும், தகராறு எழுந்த பிறகோ எழும் நிலையிலோ முதலாளியும் தொழிலாளரும் சேர்ந்து எழுதிக்கொண்டால்தான் ஆர்பிட்ரேஷன் என்கின்றன. என்ன இழக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கும் சம்மதம் அது. இந்த விதியை நுகர்வோருக்கும், சிறு கடன் வாங்குபவருக்கும், ஆப் தொழிலாளருக்கும், மேலாளர் என்ற பெயரில் சம்பளம் வாங்குபவருக்கும் விரிக்க வேண்டும். முன்கூட்டி வாங்கிய கையெழுத்து அவர்களைக் கட்டுப்படுத்தாது, அவர்கள் விரும்பினால் மட்டும் செல்லும் என்று சட்டம் சொன்னால் போதும். அமெரிக்கா 2022 மார்ச் 3 அன்று பாலியல் வன்முறை, துன்புறுத்தல் வழக்குகளில் இப்படித்தான் செய்தது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் கோர்ட்டுக்குப் போகலாம். முன்பு போட்ட கையெழுத்து அவரைத் தடுக்காது.

அடுத்தவை நடைமுறை பற்றியவை. நடுவரைக் கம்பெனியும் அதன் பட்டியலும் தேர்ந்தெடுக்காமல், கோர்ட்டோ பொது அமைப்போ நியமிக்க வேண்டும். கடனாளியோ தொழிலாளியோ வசிக்கும் மாவட்டத்தில், அவருக்குத் தெரிந்த மொழியில் விசாரணை நடக்க வேண்டும். நடுவர் கட்டணத்தைப் படிவத்தில் அந்தப் பிரிவைப் போட்டவர்களே ஏற்க வேண்டும். நோட்டீஸ் நேரில் சேர்ந்ததற்கு ஆதாரம் இல்லாமல் ஒருதலை அவார்ட் கூடாது. பெயர்களை மறைத்தாவது, நுகர்வோர், தொழிலாளர் அவார்டுகளின் முடிவுகளை வெளியிட வேண்டும். ஒரே நடுவர் ஒரே கம்பெனிக்கு எத்தனை முறை சாதகமாகத் தீர்த்தார் என்பது அப்போதுதான் தெரியவரும்.

ஆர்பிட்ரேஷன் உண்மையிலேயே வேகமும் சிக்கனமும் உள்ள வழி என்றால், தகராறு வந்த பிறகு கேட்டாலும் மக்கள் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். அதுவரை, கடன் படிவமோ வேலை உத்தரவோ கைக்கு வந்ததும் ஆர்பிட்ரேஷன் பிரிவு எங்கே இருக்கிறது, எந்த ஊர், யார் நடுவர் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். நகலை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.